சனிக்கிழமை ஐந்தேகால் மணி

மனிதனுக்கு ஆறுதல் தரக்கூடிய விஷயங்களைப் பற்றிப் பெரியோர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். பக்தி, ஞானம், சத்சங்கம், சங்கீதம், இயற்கைக் காட்சி என்று அந்த ஜாபிதா நீண்டுகொண்டே போகும். அவற்றில் ஒன்றையும் நாம் மறுக்கப் போவதில்லை. ஆனால் உலகத்தில் பெரும்பாலான ஜனங்கள், பெரும்பாலான நாட்களில், மேற்படி ஜாபிதாவில் இடம் பெறாத ஏதோ ஓர் அற்ப வஸ்துவைக் கொண்டுதான் காலம் தள்ளுகிறார்கள். ஒருவருக்குச் சாயங்காலக் காப்பி; இன்னொருவருக்குக் குறுக்கெழுத்துப் போட்டி; மற்றொருவருக்கு வாரந்தோறும் வரும் தொடர்கதையின் அடுத்த அத்தியாயம். "அடுத்த வாரம் என்ன ஆகுமோ?" என்கிற கவலை ஒன்று மனத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால், மற்றக் கவலைகளெல்லாம் சற்று ஒதுங்கி நின்று அதற்கு இடம் விடுகின்றன.

இந்த வாரம் அப்படிப்பட்ட அற்ப வஸ்து ஒன்றைப் பற்றி எழுதலாம் என்று உத்தேசம். அது இங்கிலாந்து தேசத்தில் டெலிவிஷனில் வந்த ஒரு தொடர்கதை. "டாக்டர் ஹூ" என்று பெயர். இவர் நாடி பார்க்கும் டாக்டர் அல்ல. வேறொரு கிரகத்தில் பிறந்தவர். சொந்தப் பெயர் இன்னதென்று யாருக்கும் தெரியாது. நீல வர்ணம் அடித்த ஒரு பெட்டியில் ஏறிக்கொண்டு, இறந்த காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் நினைத்தபடி - இல்லை, பெரும்பாலும் நினைக்காதபடி - போய் வருகிறார். போலீஸாரைக் கூப்பிடுவதற்காக லண்டன் வீதிகளில் ஒரு காலத்தில் நிறுத்தி வைத்திருந்த டெலிபோன் பெட்டியின் உருவம் அதற்கு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கலாம் போலிருக்கும். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாலோ, அரண்மனை!

இதை நாம் விவரித்ததும், நமது பள்ளிக்கூடத்தில் தமிழ் போதிக்கும் நண்பர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதெல்லாம் குழந்தைகள் சமாசாரமல்லவா, ஸார்? நாற்பது வயதுக்கு மேல் இதில் என்ன ருசி இருக்க முடியும்?" என்று கேட்டார். விக்கிரமாதித்தன் கதையை அவர் எந்த வயதில் படித்து முடித்தார் என்று நாம் திருப்பிக் கேட்கவில்லை. அதன் பிரதி ஒன்று அவருடைய மேஜை டிராயரில் இன்னும் இருப்பது நமக்குத் தெரியும்.

1963-ம் வருஷம் நவம்பர் மாதம் 23-ந் தேதி, சனிக்கிழமை மாலை ஐந்தேகால் மணிக்கு முதல் பகுதி ஒளிபரப்பாகும் என்று அறிவித்திருந்தார்கள். அதற்கு முதல் நாள்தான் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். உலகமே பிரமை பிடித்து உட்கார்ந்திருந்த அந்தச் சமயத்தில், காலத்தைத் தாண்டிச் செல்லும் பெட்டியை யார் கவனிக்கப் போகிறார்கள்? பி.பி.ஸி. ஸ்தாபனத்தார் அடுத்த சனிக்கிழமையன்று முதல் பகுதியை மறுபடியும் ஒரு தடவை காட்டிவிட்டு, அதன் பிறகுதான் இரண்டாம் பகுதியைக் காட்டினார்கள்.

அந்த முதல் கதையில் டாக்டரின் பெட்டிக்குள் அகப்பட்டுக் கொள்கிறவர்கள் யார் தெரியுமா? இரண்டு பள்ளிக்கூட உபாத்தியாயர்கள்! ஒருவர் விஞ்ஞானம் போதிக்கிறவர். மற்றொருவர் சரித்திரம் போதிக்கும் அம்மாள். தங்களிடம் படிக்கும் விசித்திரமான பெண் ஒருத்தியைப் பற்றிக் கவலைப்பட்டு, அவள் வீடு எங்கே இருக்கிறதென்று பார்க்கப் புறப்படுகிறார்கள். போன இடத்திலிருந்து கற்காலத்துக்குக் கொண்டுபோகப்படுகிறார்கள். மாணாக்கர்களிடம் அளவுக்கு மீறிச் சிரத்தை காட்டுகிற நமது வர்க்கத்தாருக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை இருக்க முடியாது.

விஞ்ஞானம் ஒருவர், சரித்திரம் ஒருவர் என்று வைத்ததற்குக் காரணம் இருந்தது. கதையோடு கதையாகக் குழந்தைகளுக்குக் கொஞ்சம் படிப்பும் புகட்டலாம் என்பது அந்த ஸ்தாபனத்தில் நாடகப் பகுதித் தலைவராயிருந்த ஸிட்னி நியூமன் என்பவரின் எண்ணம். கண் பிதுங்கிய பூதங்களைக் கொண்டுவந்து கதையைக் கெடுக்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். ஒரு மாதம் கூடக் கழியவில்லை. மிளகுப் பொடி டப்பிக்குச் சக்கரம் வைத்தது போன்ற உருவமும், கரகரத்த குரலும் கொண்ட "டாலெக்" என்னும் பிராணிகள் கதைக்குள் புகுந்துவிட்டன. தலைவருக்குக் கோபமான கோபம். ஆனால் பார்க்கிறவர்களின் தொகை மளமளவென்று ஏறிற்று, கோபம் இறங்கிற்று. குழந்தைகளுக்கு எது நல்லது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். எது வேண்டும் என்பது குழந்தைகளுக்குத் தெரியும். இரண்டும் எப்போதாவது ஒத்துப்போகும்.

தயாரிப்புப் பொறுப்பை ஏற்றிருந்தவர் வெரிட்டி லாம்பர்ட் என்னும் இருபத்தேழு வயதுப் பெண்மணி. அந்த நாளில் அங்கே நாடகம் தயாரித்த ஒரே பெண். முதல் கதையை டைரக்ட் செய்தவர் அவரைவிட இளையவர். இருபத்து நாலே வயது. ஜனாப் வாரிஸ் ஹுஸேன் என்று பெயர். 1938-ல் நம் லக்னோவிலே பிறந்தவர். வயதும் அனுபவமும் முதிர்ந்த கனவான்கள் நிறைந்த ஸ்தாபனத்தில், ஒரு சிறு பெண்ணும் ஓர் இந்திய வாலிபரும் ஒட்டுப்போட்ட ஸ்டூடியோ ஒன்றில் ஆரம்பித்த காரியம் இது. ஆங்கிலேயர்கள் தங்கள் வீட்டுச் சொத்தாகப் பாவிக்கும் இந்தக் கதைக்கு முதல் உருவம் கொடுத்தவர் லக்னோக்காரர் என்று நினைக்கும்போது நமக்கு அற்ப சந்தோஷம் உண்டாகிறது. அற்ப சந்தோஷங்களைப் பற்றித்தானே எழுதிக் கொண்டிருக்கிறோம்?

அதன் ஆரம்ப சங்கீதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெட்டை அமைத்தவர் ரான் கிரெய்னர். அதற்கு ஓசை வடிவம் தந்தவர் டெலியா டெர்பிஷையர் என்ற பெண்மணி. வாத்தியக் கோஷ்டி ஏதும் இல்லை. மீட்டிய தந்தியின் ஓசையையும் மின்சாரக் கருவிகளின் முனகலையும் டேப்பில் பதிந்து, வெவ்வேறு ஸ்தாயிகளுக்கு மாற்றி, அந்த டேப்பைத் துண்டு துண்டாக நறுக்கிக் கையாலேயே ஒட்டி உண்டாக்கினார். அவர் பெயரைத் திரையில் போட்டது 2013-ம் வருஷத்தில்தான். அவர் 2001-லேயே காலமாகிவிட்டார்.

இனி அந்தச் சனிக்கிழமை. இங்கிலாந்தில் நவம்பர் மாதத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். வெளியே குளிர், மறுநாள் ஞாயிறு, திங்கட்கிழமைப் பள்ளிக்கூடம் இன்னும் வெகு தூரத்தில் இருக்கிறது. பந்தய முடிவுகளையெல்லாம் சொல்லி முடித்தாகிவிட்டது. தேநீரும் ரொட்டியும் வந்தாகிவிட்டன. அப்போது அந்த முனகல் சங்கீதம் எழும்பும். குழந்தைகள் ஸோபாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, அங்கிருந்து எட்டிப் பார்க்கும். "ஸோபாவுக்குப் பின்னால்" என்பது அந்தத் தேசத்தில் ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. ஐம்பது அறுபது வயதான கனவான்கள் கூட, "நானும் அங்கேதான் இருந்தேன்" என்று சொல்லிக்கொள்வார்கள்.

பயப்படுவதற்காக ஒரு குழந்தை வாரம் முழுவதும் ஆவலோடு காத்திருப்பானேன்? பாட்டியின் மடியில் படுத்துக்கொண்டு பேய்க்கதை கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேய் வேண்டியதுதான், ஆனால் மடியும் வேண்டும். இந்தக் கதையில் டாக்டரிடம் துப்பாக்கி கிடையாது. பேச்சும், யுக்தியும், கொஞ்சம் கிறுக்கும்தான் உண்டு. இருபத்தைந்து நிமிஷத்துக்குள் அந்தக் கிழவர் ஆபத்தில் மாட்டிக்கொள்வார். அடுத்த சனிக்கிழமை தப்பித்துவிடுவார். உலகத்தில் வேறு எந்த விஷயத்தில் குழந்தைக்கு இவ்வளவு நிச்சயம் கிடைக்கும்?

ஆனால் அந்த நிச்சயத்துக்கும் ஒரு சோதனை வந்தது. டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் என்பவருக்குத் தேக அசௌக்கியம் அதிகமாயிற்று. கதாநாயகர் இல்லாவிட்டால் கதையை முடிப்பதுதானே உலக வழக்கம்? இவர்கள் வேறொரு வழி கண்டுபிடித்தார்கள். 1966-ம் வருஷம் அக்டோபர் 29-ந் தேதியன்று, திரையில் கிழவர் தரையில் விழுந்தார். முகத்தில் வெளிச்சம் பரவிற்று. எழுந்திருக்கும்போது வேறு முகம், வேறு சுபாவம். பாட்ரிக் ட்ரௌட்டன் என்ற நடிகர் அந்த ஸ்தானத்தில் இருந்தார். டாக்டரின் குலத்தாருக்கு மரணம் நெருங்கும்போது உடம்பு இப்படிப் புதுப்பித்துக்கொள்ளும் என்று கதையில் ஒரு விதி உண்டாயிற்று. கூடு விட்டுக் கூடு பாயும் வித்தை நமக்குப் புதிதல்ல. எனினும், வியாதிக்கார நடிகர் ஒருவரைக் கௌரவமாக வழியனுப்பி வைக்கச் செய்த ஏற்பாடு, லட்சக்கணக்கான குழந்தைகளுக்குப் பிரிவைப் பற்றிய முதல் பாடமாக அமைந்தது விசேஷந்தான். பழைய டாக்டர் போனபோது அழாத குழந்தை இல்லை. புது டாக்டரை முதல் வாரம் வெறுக்காத குழந்தையும் இல்லை. ஒரு மாதம் சென்ற பின் அவரே தன்னுடைய டாக்டர் என்று சாதிக்காத குழந்தையும் இல்லை.

1974-ல் டாம் பேக்கர் என்பவர் அந்த வேஷத்துக்கு வந்தார். அவருக்கு ஒரு மப்ளர் பின்னித் தரும்படி, பின்னல் வேலை தெரிந்த ஓர் அம்மாளிடம் பல வர்ணக் கம்பளி நூலை நிறைய வாங்கிக் கொடுத்தார்கள். எவ்வளவு நீளம் என்று சொல்ல மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அந்த அம்மாள் கொடுத்த நூல் முழுவதையும் பின்னித் தீர்த்துவிட்டார்! கழுத்தில் பல சுற்றுச் சுற்றியும் தரையில் புரளும் அந்த மப்ளரை நடிகர் அப்படியே அணிந்துகொண்டார். பிறகு எத்தனை தாய்மார்களும் பாட்டிமார்களும் அதே மாதிரி பின்னிக் கொடுக்க வேண்டி வந்தது என்பதற்குக் கணக்கில்லை. பின்னும் முறையை எழுதிக் கேட்டவர்களுக்கு பி.பி.ஸி.யே அனுப்பி வைத்தது. நாம் அபிமானம் என்பதைப் பற்றிப் பேசும்போது, விலை கொடுத்துப் பொம்மை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைப்பவர்களைச் சொல்லவில்லை. அதில் ஆறுதலைக் காட்டிலும் வியாபாரம் அதிகம் என்பது நமது அபிப்பிராயம். பத்து விரலும் வேலை செய்து, பேரனுடைய கழுத்துக்கு ஏதோ ஒரு விந்தை மப்ளர் வந்து சேர்ந்ததே, அது வேறு ஜாதி.

இப்போது கொஞ்சம் வயிற்றெரிச்சலான கட்டத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில் டேப் விலை அதிகம்; ஒரு தடவை காட்டிய நாடகத்தை மறுபடியும் காட்டுவது அபூர்வம். ஆகவே 1967 முதல் சுமார் பத்து வருஷ காலம், பழைய பகுதிகளின் டேப்புகளை அழித்துவிட்டு அவற்றின் மேலேயே வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்தார்கள். வெளிநாடுகளுக்கு அனுப்புவதற்காக எடுத்திருந்த பிலிம் பிரதிகளையும், இனி விலை போகாது என்று குப்பையில் சேர்த்தார்கள். முதல் ஆறு வருஷங்களில் வெளியானவை 253 பகுதிகள். இவற்றில் தொண்ணூறுக்கு மேற்பட்டவை இன்றைக்கும் அகப்படவில்லை. யாரும் துவேஷத்தினால் செய்த காரியமல்ல. அலமாரியில் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கறையானுக்கும் ஆடிப் பெருக்குக்கும் ஏட்டுச் சுவடிகளைப் பறிகொடுத்த நாம் இதைக் கேட்டு அதிசயிப்பதற்கில்லை.

ஆனால் ஓர் அதிசயம் உண்டு. படம் போயிற்றே தவிர, காணாமற்போன பகுதிகள் ஒவ்வொன்றின் ஒலியும் இன்று இருக்கிறது. காரணம், அறுபதுகளில் ஆங்காங்கே சில சிறுவர்கள் தங்கள் வீட்டு டேப் ரிக்கார்டரின் மைக்கைத் டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் வைத்துப் பதிந்துகொண்டதுதான். வாரா வாரம் அந்த இருபத்தைந்து நிமிஷம் அவர்கள் வீட்டில் யாராவது தும்மியிருக்க முடியுமா? சமையல் அறையில் பாத்திரம் உருண்டிருக்க முடியுமா? பெட்டியின் உட்புறத்தோடு கம்பியை இணைத்துச் சுத்தமாகப் பதிந்துகொண்ட கெட்டிக்காரப் பையன்களும் உண்டு. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு இன்னொரு தடவை கேட்கலாம் என்பதற்கு மேல் அவர்களுக்கு வேறு உத்தேசம் இருந்திராது. பெரிய ஸ்தாபனம் தூக்கி எறிந்ததைச் சிறு பையன்கள் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் அந்த ஒலியை வைத்துக்கொண்டு சித்திரங்களை வரைந்து அசைய விட்டு, பல கதைகளை மறுபடியும் வெளியிட்டிருக்கிறார்கள்.

பிலிம் பிரதிகளும் எதிர்பாராத இடங்களிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பின. 1983-ல் லண்டனில் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் நிலவறையில் இரண்டு பகுதிகள் கிடைத்தன. 1992-ல் ஹாங்காங்கிலிருந்து ஒரு முழுக் கதை வந்தது. 2013-ல் நைஜீரியா தேசத்தில் ஜோஸ் என்னும் ஊர் டெலிவிஷன் நிலையத்திலிருந்து ஒன்பது பகுதிகள் வந்து சேர்ந்தன. ஐயரவர்கள் ஊர் ஊராகச் சுவடி தேடிய கதையை அறிந்தவர்கள், ஆப்பிரிக்கக் கிட்டங்கியில் தூசி படிந்த தகர டப்பியைத் திறந்தவரின் மனநிலையை ஊகித்துக் கொள்ளலாம். பொருளின் பெருமையில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. தேடுகிறவனின் நெஞ்சுப் படபடப்பில் வித்தியாசம் இருக்குமென்று நமக்குத் தோன்றவில்லை.

உபாத்தியாயர் என்ற முறையில் நம்மை மிகவும் கவர்ந்த அம்சம் வேறொன்று. வீட்டிலேயே போட்டுப் பார்க்கும் வீடியோ வராத நாட்களில், தவறவிட்ட கதையை மறுபடி அனுபவிக்க ஒரே வழி புஸ்தகந்தான். 1973 முதல் "டார்கெட்" என்ற பெயரில் இந்தக் கதைகளைச் சின்னஞ்சிறு புஸ்தகங்களாகப் போட்டார்கள். அவற்றில் அறுபதுக்கு மேற்பட்டவை டெரன்ஸ் டிக்ஸ் என்னும் ஒருவரே எழுதியவை. முன்னால் இந்தத் தொடரின் கதைப் பகுதிக்குப் பொறுப்பாளராயிருந்தவர். ஆடம்பரமில்லாத நடை, சிறிய வாக்கியங்கள், ஒவ்வொரு அத்தியாயமும் ஆபத்தில் முடியும். பாடப் புஸ்தகத்தைக் கண்டால் ஓடுகிற பையன்கள் நூல்நிலையத்தில் இவற்றுக்காக வரிசையில் நின்றார்கள். 2019-ல் அவர் காலமானபோது, "எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் இவர்தான்" என்று எழுதியவர்களில் பெயர் பெற்ற நூலாசிரியர்கள் பலர் இருந்தார்கள். அவருக்கு இலக்கியப் பரிசு எதுவும் கிடைத்ததாக நமக்கு ஞாபகமில்லை. நமது வகுப்பில் கடைசிப் பெஞ்சிலே மேஜைக்கு அடியில் ஒளித்து வைத்துப் படிக்கப்படும் புஸ்தகங்களை நாம் பறிமுதல் செய்யாமல் விடுவதற்கு, இப்படிப்பட்ட சமாசாரங்களும் ஒரு காரணம்.

1989-ம் வருஷம் டிசம்பரில் தொடரை நிறுத்திவிட்டார்கள். பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்களாம். நடுவில் 1996-ல் வந்த ஒரே ஒரு தனிப்படம் நீங்கலாக, பதினைந்து வருஷத்துக்கு மேல் பெட்டி மூடியே கிடந்தது. அபிமானிகள் என்ன செய்தார்கள்? மாதப் பத்திரிகையை நிற்காமல் நடத்தினார்கள். புது நாவல்கள் எழுதினார்கள். ஒலி நாடகங்கள் போட்டார்கள். சண்டையும் போட்டார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. எந்தக் கதை பிரமாணம், எது இடைச்செருகல் என்பதைப் பற்றி அவர்கள் நிகழ்த்திய வாதங்களைக் கண்டால் நமது உரையாசிரியர்கள் கூட அசந்து போவார்கள். ஆனால் அந்தக் கூட்டத்திலிருந்துதான் பிற்காலத்து டாக்டர்களும் ஆசிரியர்களும் வந்தார்கள். 2005-ல் தொடரை உயிர்ப்பித்த ரஸ்ஸல் டி. டேவிஸ் அந்த நாவல்களில் ஒன்றை எழுதியவர். மார்ச் 26-ந் தேதி, அதே சனிக்கிழமை மாலையில், ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து டெலிவிஷன் பார்க்கும் வழக்கமே ஒழிந்துவிட்டது என்று நிபுணர்கள் தீர்ப்பளித்திருந்த சமயம் அது!

அவ்வருஷமே டாக்டராக வந்த டேவிட் டென்னன்ட், ஸ்காட்லாந்தில் சிறு குழந்தையாக இருந்தபோது இந்தத் தொடரைப் பார்த்துத்தான் நடிகனாவதென்று தீர்மானித்தவர். பீட்டர் கப்பால்டி என்று இன்னொருவர். கிளாஸ்கோ நகரத்துப் பையன். 1974-ல், பதினைந்து வயதில், டாக்டரைப் பற்றிச் சிறப்பு மலர் வெளியிட்டதற்காக "ரேடியோ டைம்ஸ்" பத்திரிகைக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினார். அதுவும் அச்சாகியது. 2013-ல் அவரே டாக்டராக நியமனம் பெற்றார். ஆசிரியருக்குக் கடிதம் எழுதும் வாசகர்களை அலட்சியம் செய்யக் கூடாது என்று பத்திரிகாசிரியர்களுக்கு இதைச் சிபாரிசு செய்கிறோம்.

2018-ம் வருஷம் நவம்பர் 11-ந் தேதி வந்த பகுதி நம் தேசத்தைப் பற்றியது. வினய் படேல் எழுதியது. 1947 ஆகஸ்டில், எல்லைக் கோடு கிழிக்கப்பட்ட பஞ்சாப் கிராமம் ஒன்றில், ஒரு ஹிந்து வாலிபனுக்கும் முஸ்லிம் பெண்ணுக்கும் கல்யாணம் நடக்கிறது. பயங்கர முகங்கொண்ட இரண்டு வேற்றுக்கிரகவாசிகள் காட்டில் உலாவுகிறார்கள். இவர்கள்தான் கொலைகாரர்கள் என்று டாக்டர் முதலில் நினைக்கிறார். உண்மை வேறு. தங்கள் குலம் அழிந்தபோது பக்கத்தில் இருந்து துக்கம் காக்க ஒருவருமில்லாமற் போனதால், உலகில் எங்கே யார் அநாதையாகச் சாகிறார்களோ அங்கே போய்ச் சாட்சியாக நிற்பதே அவர்கள் ஏற்றுக்கொண்ட விரதம். மாப்பிள்ளையைக் கொல்ல வருகிறவர்கள் மனிதர்கள். அவர்களை அழைத்து வருகிறவன் உடன்பிறந்த தம்பி. டாக்டரால் - இந்தத் தடவை டாக்டர் ஒரு பெண்மணி - அதைத் தடுக்க முடிவதில்லை. பூதங்களுக்குப் பயந்து ஸோபாவின் பின்னால் ஒளிந்த குழந்தைகளின் பேரக் குழந்தைகள் இதைப் பார்த்திருப்பார்கள். நமது பிரிவினையைப் பற்றி அங்குள்ள பாடப் புஸ்தகங்கள் அவர்களுக்கு இவ்வளவு சொல்லியிருக்குமா என்பது சந்தேகம்.

இதெல்லாம் துக்கத்தை மாற்றுமா என்று தமிழ் நண்பர் மறுபடி கேட்கிறார். மாற்றாதுதான். தலைவலி மாத்திரை அளவுக்குக் கூட இதற்குச் சக்தி கிடையாது. ஆனால் 2020-ம் வருஷம் மார்ச் மாதத்தில் நடந்ததை அவருக்குச் சொன்னோம். கொரோனா பயத்தால் இங்கிலாந்தில் ஜனங்கள் வீட்டோடு அடைபட ஆரம்பித்த சமயம். டாக்டர் ஹூ பத்திரிகையைச் சேர்ந்த எமிலி குக் என்ற இளம் பெண் ட்விட்டரில் ஓர் அறிவிப்புச் செய்தார். மார்ச் 21-ந் தேதி சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு, அவரவர் வீட்டில் இருந்தபடியே, ஐம்பதாம் வருஷ நிறைவுக்காக 2013-ல் எடுத்த கதையை எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்ப்போம். பார்த்துக்கொண்டே ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வோம் என்றார். கதையை எழுதிய ஸ்டீவன் மொஃபட்டும் வந்து சேர்ந்துகொண்டு, அந்த இரவுக்கென்றே புதிதாக ஒரு சிறு முன்னுரைக் காட்சி எழுதித் தந்தார். தனி அறையில் தன்னந்தனியாக இருந்தவர்கள், வயோதிகப் பெற்றோரைப் பார்க்கப் போக முடியாதவர்கள், மறுநாள் ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள், எல்லோரும் ஏழு மணிக்குப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். முதல் காட்சியிலேயே இன்னார் இன்ன ஊரிலிருந்து எழுதுகிறேன் என்று செய்திகள் குவிந்தன. ஐந்து நாள் கழித்து, 26-ந் தேதி, 2005-ம் வருஷத்து முதல் கதையை அவ்விதமே பார்த்தார்கள். அதன் பிறகும் பல வாரங்கள் அது நடந்தது.

நண்பர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, அந்த நீலப் பெட்டி உள்ளே எவ்வளவு பெரிது, எத்தனை அறைகள் என்று கேட்டார்.